பதினொன்றுக்கு ஒரு வலை

ஆகஸ்டு மூன்றாம் வாரம் போன் வந்துவிடும்.
மதுரைப் பெரிய கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர்
எங்கள் கனகவேல் சாரிடம்
பையன்கள் சுகமா என்று கேட்பார்.
சுகமா என்றால்
போன வருசம் போலவேதான் இருக்கிறார்களா
என்று அர்த்தம்.

மண்டலப் போட்டிக்குப் பத்து நாள் முன்னால்
அவர்களுக்கு ஒரு வெற்றி வேண்டும்,
பெரிதாக, யாருக்கும் கால் முறியாமல்.
தாளாளர் வருவார்.
அவர் நாற்காலியில் உட்காரும்போது
ஒரு கோலாவது விழுந்திருக்க வேண்டும்.

சார் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்ப் பேரம் பேசுவார்.
வேன் வாடகை, பதினெட்டுப் பிரியாணி,
கையில் எட்டாயிரம்.
அந்தப் பக்கம் ஏழு என்றிருக்க வேண்டும்.
"போன தடவை ஒன்பது வாங்குனோம் சார்,
கோலுக்கு ஆயிரம்கூட வரலையே" என்றார்.
சிரிக்காமல்தான் சொன்னார்.

நான் ஒச்சுராஜா. சிவில் டிப்ளமோ, இரண்டாம் வருசம்,
கோல்கீப்பர்.
உசிலம்பட்டி தாண்டி எங்கள் மைதானம்.
வடக்குக் கம்பத்துக்குப் பின்னால் கண்மாய்,
கண்மாய் நிறையக் கருவேலம்.
வலை கிடையாது.
கோல் விழுந்தால் பந்து முள்ளுக்குள் போகும்.
அடித்தவனே போய் எடுக்க வேண்டும், பஞ்சர் காசும் அவனுடையது.
அதனால் எங்களில் எவனும்
பலமாக அடித்துப் பழகவில்லை.

செக்கானூரணி தாண்டும்போது ஜெயக்கொடி கேட்டான்,
"ஒண்ணாவது போடுவமாடா?"
சிக்கந்தர்
வாய் பிளந்த பூட்ஸை ஒட்டிக்கொண்டிருந்தான்.
வேறு யாரும் தலை தூக்கவில்லை.

அங்கே புல்.
விழுந்தால் வலிக்காத தரை என்று
முதல் கோலுக்குப் பாய்ந்தபோதுதான் தெரிந்தது.
இரண்டாவதுக்குச் சும்மாவே பாய்ந்தேன்.
மூன்றாவது, வெயில் கண்ணில்.
நான்காவது எங்கள் ஆள் முழங்காலில் பட்டு.
ஐந்தாவது அடித்தவன்
மன்னிப்புக் கேட்பதுபோல் ஒரு முகம் வைத்தான்,
அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது.
மைக்காரர் எங்கள் பாலிடெக்னிக் பெயரை
மூன்று விதமாகத் தப்பாகச் சொன்னார்.
தாளாளர் ஏழில் எழுந்து போனார்.
அவர் கார் கேட்டைத் தாண்டிய பிறகும்
விழுந்துகொண்டிருந்தது.

அந்தக் கோடியில் அவர்கள் கோல்கீப்பர்.
நெய்வேலிக்காரன், ஆறடிக்கு மேலே,
விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்தவன்.
கம்பத்தில் சாய்ந்தான்.
கையுறையைக் கழற்றினான், மாட்டினான்.
குனிந்து புல்லில்
தொலைக்காத எதையோ தேடினான்.

எண்பதாவது நிமிடம்
எப்படியோ ஜெயக்கொடி, பந்தோடு, தனியாக.
அவன் தோளை இறக்கி
இரண்டு கையும் விரித்து
கல்யாண வீட்டு வாசலில் நிற்பவன்போல் நின்றான்.
ஜெயக்கொடி
பழக்கதோசத்தில்
மெதுவாக அடித்தான்.
பந்து உருண்டு உருண்டு
பாதிப் புல்லில் நின்றுவிட்டது.
அதையும் அவர்கள் ஆள் ஒருவன் ஓடிவந்து
எடுத்துப் போனான்.

கை கழுவும் குழாயடியில் என் பக்கத்தில் வந்து நின்றான்.
"இன்னைக்கு நான் மட்டும்தான் விளையாடல" என்றான்.
எனக்கு இருபத்தாறு முறை பந்து கையில் பட்டது.
எண்ணி வைத்திருந்தேன்.
சொல்லவில்லை.

டவுன்ஹால் ரோட்டில் கடை சாத்துவதற்குள் போய்
நீல நைலானில் ஒரு வலை வாங்கினார் சார்.
எட்டாயிரத்துக்கு ஒரு பக்கம்தான் வந்தது.
வேனில் அது என் மடியில்,
புது பிளாஸ்டிக் வாசனையோடு,
பிரியாணி வாசனையோடு.

மறுநாள் வடக்குக் கம்பத்தில் கட்டினோம்.
ஜெயக்கொடி பந்தை வைத்தான், பின்னால் நடந்தான்,
இன்னும் கொஞ்சம் நடந்தான்.
ஓடிவந்து அடித்த அடியில்
வலை முதுகு வளைத்துப் பந்தைத் திருப்பித் தந்தது.
நான் அசையக்கூட இல்லை.
மறுபடி வைத்தான். மறுபடி.
இடது காலில் ஒன்று.

சார் தொட்டிப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.
போன் இருந்த சட்டைப் பையை
ஒருதரம் தொட்டுக்கொண்டார்.
"மெதுவாடா" என்றார்.
தெற்குக் கம்பத்துக்கு
இன்னும் வலை வாங்கவில்லை.